மகளை டப்ளினுக்கு அனுப்பவிருக்கிறோம்: குடியேறி வருபவர்களைப் பற்றி அயர்லாந்து மக்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்?

கானாடுகாத்தான் வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் காரைக்குடியில் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். என் இளைய மகளுக்கு டப்ளினில் மென்பொருள் வேலை உறுதியாகி, 'கிரிட்டிகல் ஸ்கில்ஸ்' வகை வேலை அனுமதியும் கைக்கு வந்துவிட்டது. தை பிறந்ததும் புறப்பட வேண்டும். ஆனால் 2025 ஜூலையில் டப்ளின் புறநகரான டாலாவில் இந்தியர் ஒருவர் கும்பலாகத் தாக்கப்பட்ட செய்தியும், ஆகஸ்ட் முதல் தேதி இந்தியத் தூதரகம் ஆளரவமற்ற இடங்களுக்குப் போக வேண்டாம் என்று எச்சரித்ததும், அதே மாதம் நடக்கவிருந்த இந்திய நாள் விழா தள்ளிவைக்கப்பட்டதும் எங்கள் வீட்டில் நிம்மதியைக் குலைத்துவிட்டன.

என் தாயாருக்கு வயது 88. அவருடைய அப்பச்சி (தகப்பனார்) பர்மாவின் மோல்மேனில் கடை வைத்திருந்து, 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். "பர்மாவிலே நம்ம ஆட்கள் பட்டது போதாதா, இவள் வேறு போய்ப் படணுமா?" என்று தாயார் நாள் தவறாமல் கேட்கிறார்.

எனக்குப் புரியாதது வேறொன்று. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் 10 லட்சம் பேர் மாண்டு, அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறிப் போன நாடு அது. 1950-களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் பிழைப்புக்காக வெளியேறியிருக்கிறார்கள். மும்பையிலிருந்து போன மருத்துவர் ஒருவரின் மகனான லியோ வரத்கரை 2017-இல் பிரதமராகவும் ஆக்கினார்கள். அப்படிப்பட்டவர்கள் "அயர்லாந்து நிரம்பிவிட்டது" என்று பதாகை பிடிப்பது எதனால்? "பயமில்லை, அனுப்புங்கள்" என்றோ "வேண்டவே வேண்டாம்" என்றோ ஒற்றை வரியில் முடிக்காமல், அங்கே இருப்பவர்களும் இருந்தவர்களும் தாங்கள் கண்டதை விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பள்ளத்தூர் ஆச்சி (கார்க் நகரிலிருந்து) எழுதியது:

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நான் பதினான்கு ஆண்டுகளாக இங்கே செவிலியராக இருக்கிறேன். தாங்கள் கேட்ட கேள்வியை நானும் வந்த புதிதில் உடன் வேலை பார்த்த ஐரிஷ் அம்மையார் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன பதில் என் கணக்கைப் புரட்டிப் போட்டது. ஐரிஷ்காரர்களின் நினைவில் இரண்டு துயரங்கள் உண்டு. ஊரை விட்டுப் போன துயரம் ஒன்று. அது வெளியாருக்குத் தெரியும். மற்றொன்று அதற்கும் முந்தியது. 1609 முதல் அல்ஸ்டர் பகுதியில் ஐரிஷ்காரர்களிடமிருந்து நிலத்தைப் பறித்து, பிரிட்டனிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அரசே குடியேற்றியது. 'பிளான்டேஷன்' என்ற அந்தச் சொல்லுக்கு இங்கே நம் ஊர்த் தேயிலைத் தோட்டம் என்று பொருள் வராது. இன்று குடியேற்றத்தை எதிர்ப்பவர்களில் தீவிரமானவர்கள் அந்தச் சொல்லைத்தான் கையில் எடுக்கிறார்கள்: "மறுபடியும் எங்கள் மண்ணில் எங்களைக் கேட்காமல் ஆள் நடுகிறார்கள்" என்று. வேலை தேடி வந்து வாடகையும் வரியும் கட்டுகிற ஒருவரைப் படைபலத்தோடு வந்து நிலம் பறித்தவரோடு சேர்த்து எண்ணுவது நேர்மையற்ற ஒப்பீடு என்பதே என் கருத்து. ஆனாலும் ஒரே வரலாற்றிலிருந்து ஒருவர் பரிவையும் இன்னொருவர் அச்சத்தையும் எடுத்துக்கொள்ள முடிகிறது.

பரிவு பக்கமும் வெறும் பேச்சில்லை. 1847-இல், தாங்களே துரத்தப்பட்டு நொந்திருந்த அமெரிக்கச் சோக்டா பழங்குடியினர் 170 டாலர் திரட்டி ஐரிஷ் பஞ்ச நிவாரணத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு நன்றியாக எங்கள் கார்க் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) மிடில்டன் ஊரில் எஃகு இறகுகளால் ஆன பெரிய நினைவுச் சிற்பம் நிற்கிறது. 2020-இல் கொரோனாவால் அமெரிக்கப் பழங்குடியினர் தவித்தபோது இங்கிருந்து எத்தனையோ பேர் அந்தக் கடனைச் சொல்லியே பணம் அனுப்பினார்கள்.

இனி அன்றாடத்தில் கேட்கும் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது வீடு. 2006-இல் சுமார் 90,000 வீடுகள் கட்டிய நாடு, 2008 வீழ்ச்சிக்குப் பிறகு ஆண்டுக்குப் பத்தாயிரம்கூடக் கட்டாத நிலைக்கு வந்து, பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. மக்கள்தொகையோ ஏறிக்கொண்டே போனது. 2022 கணக்கெடுப்பில், 1851-க்குப் பிறகு முதன்முறையாக 50 லட்சத்தைத் தாண்டியது; ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். முப்பது வயதில் தாய் தகப்பனோடு ஒரே வீட்டில் இருக்க நேர்ந்து, முடிவில் சிட்னிக்கு விமானம் ஏறுகிற பிள்ளைகளின் பெற்றோர் "முதலில் எங்கள் பிள்ளைக்கு வீடு" என்று சொன்னால் அதை வெறுப்பு என்று நான் கொள்ள மாட்டேன்.

இரண்டாவது, அகதிகளைத் தங்கவைக்கும் முறை. உக்ரைனிலிருந்து மட்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்களைத் தவிர, புகலிடம் கேட்டு 2024-இல் வந்தவர்கள் சுமார் 18,500 பேர். சிற்றூரின் ஒரே ஓட்டலை அரசு மொத்தமாக எடுத்துக்கொண்டால், கல்யாண விருந்துக்கு இடமில்லை, சுற்றுலாப் பயணி வருவதில்லை, இருக்கிற ஒற்றை மருத்துவரிடம் வரிசை நீள்கிறது. ஊராருக்குச் செய்தி வாட்ஸாப் வழியாகத்தான் தெரியவருகிறது. அந்தக் கோபத்துக்குள் வெளியூர்த் தூண்டுதல்காரர்கள் புகுந்து, காலியாக இருந்த கட்டடங்கள் தீ வைக்கப்பட்டதும் நடந்திருக்கிறது. "சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்" என்ற குறையையும் கேட்பீர்கள். 2000-இல் வந்த ஏற்பாட்டின்படி புகலிடம் கேட்டவர்கள் வேலை செய்யவே 2018 வரை அனுமதி இல்லை என்பது அதைச் சொல்பவர்களில் பலருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், நம்மவர்களுக்குக் கசக்கலாம். "நாங்கள் படித்து, அனுமதியோடு வந்தவர்கள், அகதிகளால்தான் எங்களுக்கும் கெட்ட பெயர்" என்று சொல்லும் இந்தியர்களை வார இறுதி விருந்துகளில் நிறையவே சந்திக்கிறேன். பேருந்தில் நம்மைத் திட்டுகிறவன் விசா முத்திரையைப் பார்த்துத் திட்டுவதில்லை.

திருப்பத்தூர்க்காரர் எழுதியது:

ஆச்சி அவர்களின் பதிவை மதிக்கிறேன். முழுவதும் ஒப்புக்கொள்ள இயலவில்லை. டப்ளினில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவன் நான். வீட்டு வாடகை, மருத்துவர் வரிசை என்று எல்லாவற்றுக்கும் ஒரு பொருளாதாரக் காரணம் சொல்லிவிட்டால் நிறவெறி என்ற ஒன்றே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. என் முதுகில் முட்டை எறிந்தவனுக்குப் பதினான்கு வயதுதான் இருக்கும். அவனுக்கு என்ன வாடகைப் பிரச்சினை? என்னோடு அறையில் இருந்த போலந்துக்காரர் அதே தெருவில் அதே நேரத்தில் நடப்பார். அவர் மீது ஒன்றும் விழுந்ததில்லை. அவரும் குடியேறி வந்தவர்தான்.

2023 நவம்பர் 23 அன்று டப்ளினில் பள்ளி வாசலில் குழந்தைகள் கத்தியால் குத்தப்பட்டபோது, குத்தியவர் வெளிநாட்டில் பிறந்தவர் என்ற பேச்சு பரவிய சில மணி நேரத்தில் பேருந்துகளும் டிராமும் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன. குத்தியவரை மடக்கியவர்களில் ஒருவர் இருசக்கர வண்டியில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பிரேசில்காரர். அந்த இரவில் என் நண்பர்கள் அலுவலகத்திலிருந்து கிளம்ப அஞ்சி மேசையிலேயே படுத்துக்கொண்டார்கள். ஐயா அவர்கள் மகளை அனுப்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் "புரிந்துகொள்ளத்தக்க கோபம்" என்ற போர்வைக்குள் எல்லாவற்றையும் சுருட்ட வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தம்பி சொல்வதை ஏற்கிறேன். என் பதிவில் அந்தப் பக்கம் குறைந்துவிட்டது. எங்கள் மருத்துவமனையிலும் "வேறு நர்ஸை அனுப்பு" என்று முகத்துக்கு நேராகச் சொன்ன நோயாளிகள் உண்டு. 2024 இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வெறுப்பின் காரணமாகச் செய்யப்படும் குற்றங்களுக்குத் தண்டனை கூடும். வெறுப்புப் பேச்சு பற்றிய பகுதியை, கருத்துரிமையைக் காரணம் காட்டி எழுந்த எதிர்ப்பால் அரசு விலக்கிக்கொண்டது. அதுவும் இங்கே ஓயாத வாதம்.

தேவகோட்டை வரலாற்று ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

தாயார் அவர்கள் பர்மாவை நினைவூட்டியதால் இதை எழுதுகிறேன். நம் பகுதியில் பர்மாவைப் பற்றிப் பேசும்போது நாம் இழந்ததை மட்டும் பேசுவது வழக்கமாகிவிட்டது. பர்மியர் பக்கத்திலிருந்து அந்தக் கணக்கு எப்படித் தெரிந்தது என்று பார்த்தால் அயர்லாந்தும் கொஞ்சம் விளங்கும்.

கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் நம் செட்டியார்கள் (நகரத்தார்) வசம் இருந்த நிலம் ஏறத்தாழ 6 விழுக்காடு. 1938-இல் அது ஏறத்தாழ 25 விழுக்காடு. நிலத்துக்கு ஆசைப்பட்டு யாரும் அங்கே போகவில்லை. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போனவருக்கு வேண்டியது வட்டியோடு திரும்பும் பணம். மூன்று ஆண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்ப வேண்டியவருக்கு நெல்வயல் எதற்கு? உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைக்கு வந்து சேர்ந்தது. நம் பேரேட்டில் அது வராக்கடன். பர்மிய உழவனின் கண்ணில் அது பறிபோன வயல். அந்த வெறுப்பு, விடுதலை பெற்ற பர்மாவில் நில நாட்டுடைமைச் சட்டமாகி, 1964-இல் நே வின் அரசு கடைகளைக்கூட எடுத்துக்கொண்டதோடு முடிந்தது.

ஆகவே ஐயாவின் கேள்விக்கு என் பதில் இது. புலம்பெயர்ந்த நினைவு ஒரு சமூகத்தைத் தானாகவே விருந்தோம்பும் சமூகமாக ஆக்கிவிடுவதில்லை. நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். இரங்கூனிலும் பினாங்கிலும் கிட்டங்கி (வட்டிக்கடைகள் இயங்கிய கூடம்) நடத்திய நம் ஊர்களில், இன்று ஓட்டலில் பரிமாறவும் கட்டட வேலைக்கும் வரும் வட இந்தியத் தொழிலாளர்களைப் பற்றி நாம் பேசுகிற பேச்சை யாராவது எழுதிவைத்தால் அயர்லாந்துக்காரரின் பேச்சிலிருந்து வேறுபடுத்துவது கடினம்.

பண்பாட்டுக் கலப்பைப் பற்றியும் ஒன்று. அயர்லாந்து அரசு தன் ஆவணங்களில், பல பண்பாடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும் என்று விடாமல், அவை ஒன்றோடொன்று உறவாட வேண்டும் என்ற கொள்கையை 2005 முதற்கொண்டே முன்வைத்து வருகிறது. நடைமுறை மெதுவாகத்தான் பின்தொடர்கிறது. 2007-இல் தலைப்பாகையோடு காவல் துணைப்படையில் சேர விரும்பிய சீக்கியருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 2019-இல் தலைப்பாகைக்கும் ஹிஜாபுக்கும் அனுமதி வந்தது. தொடக்கப் பள்ளிகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் இருப்பவை. இடம் போதாத பள்ளிகளில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு முன்னுரிமை தரும் வழக்கம் 2018-இல்தான் அவற்றில் நீக்கப்பட்டது. தேர்தலையும் பார்க்க வேண்டும். 2004-இல், அங்கே பிறந்த குழந்தைக்கெல்லாம் தானாகக் குடியுரிமை என்ற ஏற்பாட்டை நீக்க 79 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். அதே மக்கள் 2024 நவம்பர் பொதுத் தேர்தலில், குடியேற்ற எதிர்ப்பையே முழக்கமாகக் கொண்ட சிறு கட்சிகளுக்கு ஓர் இடமும் கொடுக்கவில்லை. கதவில் தாழ்ப்பாள் வேண்டும் என்பவரும், உள்ளே வந்தவரை அடிக்கக் கூடாது என்பவரும் பெரும்பாலும் ஒரே ஆளாகவே இருக்கிறார்.

செக்காலை வாசி எழுதியது:

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஓர் இடையீடு. நான் நகரத்தார் சமூகத்தைச் சேர்ந்தவன் அல்லன். எங்கள் பாட்டனார் இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். பர்மா என்றால் வட்டிக்கடையும் தேக்குத் தூணும் மட்டுமே நினைவுக்கு வருவது எங்களுக்கு வருத்தமளிக்கும்.

1930 மே மாதத்தில் இரங்கூனில் நடந்ததைப் பாருங்கள். துறைமுகத்துத் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் நிறுவனங்கள் அவர்களுக்குப் பதில் பர்மியரை வேலைக்கு எடுத்தன. பேச்சு முடிந்து பழைய தொழிலாளர்கள் திரும்பியதும் பர்மியரை வெளியே அனுப்பின. கலவரம் மூண்டது. கொல்லப்பட்டவர்களில் மிகுதியானோர் இந்தியக் கூலிகள். கூலி உயர்வு தர மறுத்தவரும் ஆளை மாற்றியவரும் அலுவலகத்தில் பத்திரமாக இருந்தார்கள். வட்டிக் கணக்கு எழுதியவர்மீதும் அன்று பெரிதாக அடி விழவில்லை. தெருவில் நின்றவன்மீதுதான் விழுந்தது.

அயர்லாந்திலும் அப்படித்தான் எனக்குத் தெரிகிறது. வீடு கட்டாமல் விட்டதும், ஓட்டலை எடுத்ததும், ஊராரைக் கேட்காததும் ஆட்சியாளர்கள் செய்தவை. தெருவில் கிடைப்பவர் உணவு கொண்டுபோகும் பையனும் இரவுப் பணி முடித்து வரும் செவிலியரும் டாக்சி ஓட்டுநரும். எனவே 'அயர்லாந்து பாதுகாப்பானதா' என்பதைவிட, மகள் எந்த நேரத்தில், எந்தத் தடத்தில், எப்படி வேலைக்குப் போய் வருவார் என்று கேளுங்கள் ஐயா. அலுவலகத்திலிருந்து நிறுவன வண்டியில் வீடு சேர்பவருக்கும் கடைசிப் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கும் டப்ளின் ஒன்றாக இருக்காது.

கானாடுகாத்தான் வாசகர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செக்காலை அன்பர் எழுதியதை என் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடையிலே சமையல்காரனும் பெட்டியடிப் பையனும் கூட இருந்தான்களே, அவன்கள் எப்படி வந்து சேர்ந்தான்களோ" என்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் அதைக் கேட்டு நான் அறிந்ததில்லை.

பிறகு இரண்டாம் கட்டு அறையிலிருந்து மோல்மேன் பேரேடுகளில் மிஞ்சியிருக்கும் ஒன்றை மகள் எடுத்துவரச் செய்தாள். கடன் வாங்கியவர்களின் பெயர்கள் மவுங் என்றும் மா என்றும் தொடங்குபவை, பாட்டையாவின் கையெழுத்தில் தமிழில் இருக்கின்றன. அவர் பர்மியமொழி நன்றாகப் பேசுவாராம். "அவ்வளவு பேசியவர் ஒரு பர்மிய வீட்டிலாவது உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாரா?" என்று மகள் கேட்டாள். தாயாருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. தாயார் இன்னும் சம்மதிக்கவில்லை, ஆனால் என்னென்ன பலகாரம் கெடாமல் இருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். பள்ளத்தூர் ஆச்சி, முதல் மாதத்துக்கு அவள் என்ன செய்ய வேண்டும் என்று சுருக்கமாக எழுதினால் போதும்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

அண்ணன் அவர்களுக்கு: வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்ப வேண்டாம், இல்லாத வீட்டுக்குப் படம் காட்டிப் பணம் பறிப்பவர்கள் நிறைய. முன்பணம் (டெபாசிட்) ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்பது சட்டத்துக்குப் புறம்பு. வேலை இடத்துக்கு ஒரே பேருந்திலோ டிராமிலோ போகும்படி வீடு பார்க்கட்டும், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஏதேனும் நடந்தால் சின்னது என்று விடாமல் அன்றே புகார் எழுதிக் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

நம் ஊரில் புதியவரைக் கண்டதும் "எந்தக் கோவில், எந்த ஊர்" என்று கேட்பதைப் போல இங்கே "எந்தக் கவுண்டி" என்று கேட்பார்கள். ஊருக்கு ஊர் இருக்கும் ஐரிஷ் விளையாட்டுச் சங்கம்தான் அந்த உறவுக்கு வாசல். ஆடத் தெரியாவிட்டாலும் தேநீர் ஊற்றப் போகலாம். நான் அப்படித்தான் நுழைந்தேன். சீப்புச் சீடையும் மணகோலமும் தாராளமாகக் கொடுத்தனுப்புங்கள், என் சக பணியாளர்களுக்கு இரண்டுமே பழகிவிட்டன. மழைக்கோட்டு மட்டும் இங்கே வந்து வாங்கிக்கொள்ளட்டும். காரைக்குடியில் விற்பது இந்தக் காற்றுக்கு ஒரு வாரம் தாங்காது.